காது மட்டும் விழித்திருந்தது

கட்டுவிரியன் கடித்த அனந்தராமன் இரண்டாம் நாளும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டை மாதிரிக் கிடந்தார். இமை திறக்கவில்லை, விரல் அசையவில்லை. மூச்சைக்கூட இயந்திரம்தான் விட்டுக்கொண்டிருந்தது. அண்ணன் இனி பிழைக்கமாட்டார் என்று தம்பி சந்திரமோகன் முடிவு கட்டிவிட்டான். வேலைவெட்டி இல்லாமல் லாலாகுடாவில் அண்ணன் வீட்டுச் சோற்றைத் தின்கிறவனுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த அண்ணன் மனைவியிடம் குனிந்தான்.

"பையன் சின்னவன் மன்னி. சர்வீஸ்ல இருக்கறச்சே போயிட்டா, அண்ணாவோட ஃபாக்டரியில வீட்ல ஒருத்தருக்கு வேலை குடுப்பா. என் பேரைச் சொல்லிடுங்கோ."

அந்த நேரம் பார்த்து டாக்டர் ருக்மிணி உள்ளே வந்தார். "பார்த்துப் பேசுங்க. அவருக்கு எல்லாம் கேக்குது."

சந்திரமோகன் சட்டென்று நிமிர்ந்தான். "எப்படிக் கேக்கும்? கண்ணைக்கூடத் திறக்கலையே!"

"மூளை முழிச்சுட்டுதான் இருக்கு. நரம்பு நுனியில குட்டிக் குட்டிப் பைகள்ல ஒரு ரசாயனம் இருக்கும். மூளை உத்தரவு போட்டதும் கால்சியம் உள்ளே நுழையும். அந்தப் பைகள் ரசாயனத்தை வெளியே கொட்டும். அப்பதான் தசை அசையும். இந்த விஷம் அங்கே இருக்கிற கொழுப்புச் சவ்வையே அரிச்சுடுச்சு. கால்சியம் வந்தாலும் கொட்ட ஒண்ணுமில்லை. காதுக்கு ஒரு குறையும் கிடையாது."

மன்னி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவனுக்குக் கட்டிலைப் பார்க்கவே தைரியம் வரவில்லை.

அடுத்த வாரம் இமை பிரிந்தது. தொண்டைக் குழாயை எடுத்ததும் அனந்தராமனின் கண் தம்பியைத்தான் தேடியது.

"சந்துரு," என்றார் கரகரத்த குரலில், "நான் ரிடையராக இன்னும் பதினோரு வருஷம் இருக்குடா."