அப்பா அண்ணன் வீட்டில் இருக்கிறார்

இலவச சட்ட உதவி மையத்தில் எனக்கு முப்பத்தேழாவது டோக்கன். இந்த மாதத்தில் இது மூன்றாவது அரைநாள் விடுப்பு. நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் முதலாளி, அப்பா போய் வருஷம் ஆகப்போகுதே, இன்னுமா அலையறே என்று கேட்டுவிட்டார். எரிச்சலாக இருந்தது. ஆனால் நியாயமான கேள்விதான்.

அப்பா அண்ணன் வீட்டுக்குப் போன இடத்தில் இறந்தார். எல்லாம் அங்கேயே முடிந்தது. நானும் அம்மாவும் திரும்பி வந்த அன்று, மாடியிலிருந்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, சாரை எங்கே காணோம் என்றார். அம்மா வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

"அண்ணன் வீட்டுல கொஞ்ச நாள் இருக்கட்டும்னு விட்டுட்டு வந்தோம் மாமா."

காரணம் ஒரு காகிதம். எப்போதோ ஒரு வழக்கில் அப்பா வீட்டுக்காரருக்காகச் சாட்சி சொன்னார். அந்த நன்றிக்கு அவர் எழுதிக் கொடுத்தது அது: அப்பா உள்ளவரை காலி செய்யச் சொல்வதில்லை, வாடகையை ஏற்றுவதில்லை. அப்பா உள்ளவரைதான். அதனால் பதினோரு மாதமாக அவரை நான் சாகவிடவில்லை. மூட்டுவலி, பஸ் ஏற முடியவில்லை, பேரன் விடமாட்டேன் என்கிறான் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். போன மாதம் வீட்டுக்காரர், சாருக்கு அனுப்பி வை என்று மூட்டுவலித் தைலம் ஒரு பாட்டில் கொடுத்தார். கூசாமல் வாங்கிக்கொண்டேன். படியிறங்கும்போதுதான் கூசியது.

வங்கியில் கதை தலைகீழ். எங்கள் மொத்தச் சேமிப்பும் அப்பா பெயரில் இருந்தது. நாமினி என்ற கட்டத்தில் மனுஷர் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். அங்கே அப்பா இறந்தே ஆகவேண்டும். இறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது, வாரிசுச் சான்றிதழ் கொண்டு வா என்றார்கள். அதற்கு மனுப் போட்டால், அதிகாரி வீட்டுக்கு நேரில் வந்து விசாரிப்பார் என்றார்கள். யாரை விசாரிப்பார்? முதலில் வீட்டுக்காரரைத்தான்.

டோக்கன் வந்தது. வக்கீலம்மாவுக்குக் கடும் ஜலதோஷம். நான் சொன்னதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, கைக்குட்டையை மடித்து வைத்தார்.

"பேங்க்ல செத்தவரு வீட்டுல மட்டும் எப்படிம்மா உயிரோட இருப்பாரு?"

"காலி பண்ணச் சொன்னா புது வீட்டுக்கு அட்வான்ஸ் வேணும் மேடம். அந்தப் பணம் பேங்க்லதான் மாட்டியிருக்கு."

அவர் அதற்குச் சிரிக்கவில்லை. என்னைப் போல நாலு பேரையாவது காலையிலிருந்து பார்த்திருப்பார். பொறுமையாகவே சொன்னார்: எடுத்தேன் கவிழ்த்தேன் என்று உங்களை யாரும் வெளியே தள்ள முடியாது, நோட்டீஸ் வேண்டும், அவகாசம் கேட்கலாம். ஆனால் விசாரணைக்கு வந்தவர் வாயால் வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்தால், ஏமாற்றினார்கள் என்று வழக்கே போடலாம். வாரிசு மனுவை நான் எழுதித் தருகிறேன். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

"இன்னிக்கே போய் நீங்களே சொல்லிடுங்க."

அப்படியே நேராக மாடிக்குப் போனேன். வீட்டுக்காரர் ஈரத்துணியால் மின்விசிறி இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இறப்புச் சான்றிதழின் நகலை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, கண்ணுக்கு எட்டத் தள்ளிப் பிடித்துப் படித்தார். தேதியை இரண்டு முறை படித்தார் என்று நினைக்கிறேன்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா நான் வந்து அவர் மொகத்தைப் பாத்திருப்பேனேம்மா."

திட்டியிருந்தால் தேவலை. மன்னிச்சிடுங்க மாமா என்றேன், அது அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. மகனுக்கு இந்த வீடு தேவைப்படுகிறது, ஆறு மாதத்தில் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். குரல் உயரவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

வீடு போய்விட்டது. பணம் எப்போது வருமோ தெரியாது. கீழே இறங்கினால் அம்மா வாசற்படியிலேயே நின்றிருந்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். ஆறு மாசம் கொடுத்திருக்காரு."

ஆறு மாதத்தைப் பற்றி அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஒருமுறை மாடியை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப, இனிமே சத்தமா அழலாமாடி?"

"அழலாம்மா."