முள் திரும்பினால் பத்து மதிப்பெண்

ஏழு ஆண்டுகள் வடக்கு எங்கள் ஊரில் வீடு மாறிக்கொண்டே இருந்தது. முதல் ஆண்டு தையல்காரர் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. அடுத்த ஆண்டு தபால்காரர் வீட்டுக்குப் போய்த் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. பிறகு ஆஸ்பத்திரிச் சமையல்காரர், பஸ் டிரைவர் என்று போய், ஏழாம் ஆண்டு ஐஸ் ஃபேக்டரி மேஸ்திரி வீட்டில் வந்து நின்றது. ஊரின் எந்த மூலையில் நின்று திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்தாலும், முள் அந்த ஆண்டுப் போட்டியில் ஜெயித்தவர் வீட்டைத்தான் காட்டும். வெளியூரிலிருந்து வந்த நில அளவையாளர் ஒருவர் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டுவிட்டு, மூன்றாம் நாள் கருவிகளைப் பெட்டியில் போட்டுப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஜெயித்த ஏழு பேரும் இன்றுவரை அவரவர் வீட்டுக்குள்தான் இருக்கிறார்கள். வீட்டில் இருப்பவர்கள்தான் அவர்களைப் பார்த்து வருடக்கணக்காகிறது.

போட்டிக்கு ஓரியன்டியரிங் என்று பெயர். விண்ணப்பத்தில் மட்டும் அப்படி இருக்கும், ஊர் வாயில் அது மேப் ஓட்டம். கையில் ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி. காட்டுக்குள் ஒளித்து வைத்த கொடிகளை வரிசையாகக் கண்டுபிடித்து, ஒவ்வொரு கொடியிலும் தொங்கும் துளைப்பானால் அட்டையில் ஓட்டை போட்டுக்கொண்டு, யார் முதலில் திரும்பி வருகிறாரோ அவருக்குக் கோப்பை. கடையில் வாங்கும் பளபளப்புக் கோப்பை ஆகாது, ஓடும் காட்டிலிருந்து எடுத்த மரமோ மண்ணோ கல்லோ கொண்டு ஊர்க்காரர்கள் கையால் செய்ததாக இருக்க வேண்டும் என்பது போட்டி நடத்தும் சங்கத்தின் பிடிவாதம். செய்து வந்ததையெல்லாம் மேசையில் வரிசையாக வைத்து மூன்று பேர் மதிப்பெண் போடுவார்கள், அதிகம் வாங்கியதுதான் அந்த ஆண்டுக் கோப்பை. தலைவர் வரைபடக்காரர், காட்டை அங்குலம் அங்குலமாக வரைந்தவர். மற்ற இருவர் மருந்துக்கடைக்காரரும் பள்ளி விளையாட்டு ஆசிரியையும். ஆடாமல் நிற்கிறதா, களைத்த கை ஒன்றால் தூக்கினால் வழுக்குகிறதா என்று பார்ப்பார்கள். கடைசியில் பக்கத்தில் ஒரு திசைகாட்டியை வைப்பார்கள். முள் அசைந்தால் உள்ளே ஆணி இருக்கிறது என்று அர்த்தம், கோப்பை வெளியே.

செயற்கைக் கால் செய்யும் பெண்மணி ஒருவர் இருந்தார். ஊருக்கு அவர் கால்காரம்மா. அவர் ஒரு வருடம் வேர்க்கட்டையில் இழைத்த கோப்பை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். பசையும் மரமுளையும் தவிர அதில் எதுவும் இல்லை. திசைகாட்டியைப் பக்கத்தில் வைத்ததும் முள் ஒரு சுற்றுக்கூடச் சுற்றாமல், கூப்பிட்ட பிள்ளை திரும்புகிற மாதிரி, அதன் பக்கம் திரும்பி நின்றது. மருந்துக்கடைக்காரர் அதை எடுத்துப்போய் எக்ஸ்ரே எடுத்தார். ஆணி இல்லாதது மட்டுமல்ல, படத்தில் கோப்பையே இல்லை. விதியில் இரும்பு கூடாது என்றுதான் இருக்கிறது, இதில் இரும்பு இல்லை, ஆகவே இதைத் தள்ள முடியாது என்றார் ஆசிரியை. அத்தோடு விட்டிருந்தால் ஊர் தப்பித்திருக்கும். வரைபடக்காரருக்கு அந்த முள் திரும்பிய அழகு மனசை விட்டுப் போகவில்லை. தன் ஸ்கேலை எடுத்து மதிப்பெண் தாளின் ஓரத்தில் புதிதாக ஒரு கோடு இழுத்து, மேலே ‘முள் திரும்புதல் – பத்து’ என்று எழுதினார். நல்ல கையெழுத்து அவருக்கு.

கோப்பையைத் தையல்காரர் வென்றார். மூன்று மாதம் ஒன்றும் இல்லை. நான்காம் மாதம் ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர் மாலை ஆறு மணிக்குத் திரும்பி வந்தார். “கை கழுவ இவ்வளவு நேரமா?” என்று மனைவி கேட்டதற்கு, “வழியில கொஞ்சம் சுத்திட்டேன்” என்றார். மற்றவர்களுக்கு அந்த வீடு எப்போதும்போல் எட்டு தப்படிதான். அவருக்கு மட்டும் நாளுக்கு நாள் நீண்டது. வடக்கே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டால் அங்கே இருப்பவனுக்கு எது எந்தப் பக்கம்? அடுத்த போட்டி வருவதற்குள் அவர் வீட்டுக்குள் முழுதாகத் தொலைந்துவிட்டார். நடையில் வைக்கும் சாப்பாடு காலியாகும். எப்போதாவது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, சமையலறை எந்தப் பக்கம் என்று மரியாதையாகக் கேட்கும் குரல் வரும். மனைவி பதில் சொல்வார், அதற்குள் குரல் தூரமாகிவிடும். கோப்பையை அடுப்பில் போட்டு எரித்தும் பார்த்தார். சாம்பலை அள்ளிக் கொட்டிய பிறகும் முள் அந்த வீட்டையே காட்டியது. அடுத்த ஆண்டுக் கோப்பையைத் தபால்காரர் ஜெயித்து எடுத்துப்போனதும் முள் அவர் வீட்டுக்கு மாறியது, தையல்காரர் மட்டும் திரும்பி வரவில்லை.

ஊரிலுள்ள அத்தனை விலாசமும் அத்துப்படியான தபால்காரரே தன் வீட்டுக்குள் தொலைந்தார் என்றால் மற்றவர்கள் பயந்திருக்க வேண்டாமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். பயந்தார்கள், பயந்துகொண்டே பெயர் கொடுத்தார்கள். தொலைந்தவன் ஏதோ கவனக்குறைவானவன், நாம் அப்படியில்லை என்று ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணம். வரைபடக்காரருக்கும் பெருமைக்குக் குறைவில்லை. வடக்கு வீடு மாறும்போதெல்லாம் காட்டு வரைபடத்தை முதலிலிருந்து வரைய வேண்டும், வடதிசைக் கோடுகளெல்லாம் ஒரு வீட்டு வாசலில் போய்ச் சேரும். அப்படி ஒரு மேப் உலகத்தில் வேறெங்கும் கிடையாது என்று நாலு ஊர் ஆட்கள் வந்து போட்டியில் ஓடினார்கள். ஒவ்வோர் ஆண்டும் கால்காரம்மாவின் கோப்பைக்கு முள் பத்தியில் பத்துக்குப் பத்து போட்டவர்களில் அவரும் ஒருவர்.

அவருக்கு ஒரே மகள். ஏழு வருடமும் இரண்டாவதாக வந்தவள். அதனால் ஊர் அவளைச் செகண்டு என்றே கூப்பிட்டது, ரொட்டி வாங்கப் போனால்கூட. அவள் இரண்டாவதாக வரும்போதெல்லாம் தாய்க்கு மட்டும் போன உயிர் திரும்பி வந்தது. எட்டாம் ஆண்டு பெயர்ப்பட்டியல் சுவரில் ஒட்டப்பட்ட அன்று வரைபடக்காரர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். அவளுக்கு முன்னால் ஓடக்கூடியவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டுக்குள் போய்விட்டிருந்தார்கள். பட்டியலில் அவள்தான் மிச்சம்.

அன்றே கால்காரம்மாவின் பட்டறைக்குப் போனார். கூரையிலிருந்து பிளாஸ்டர் கால்கள் வரிசையாகத் தொங்கின. அம்மாள் ஒரு முழங்கால் வாரை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த வருஷம் கோப்பை செய்யாம விட்டுடுங்களேன்” என்றார் வரைபடக்காரர்.

“செஞ்சு முடிச்சாச்சு சார்.” மேலே துணி போர்த்தியிருந்த அலமாரித் தட்டைத் தாடையால் காட்டினார். “முதல் தடவை அது ஏன் திரும்புச்சுன்னு எனக்கே தெரியாது. ரெண்டாவது தடவையிலேர்ந்து தெரியும். கால் கடிக்குதுன்னு ஒருத்தர் சொன்னா கடிக்காத மாதிரி செய்யறேன். முள்ளு திரும்பினா பத்துன்னு நீங்க சொன்னீங்க, திரும்பற மாதிரி செஞ்சேன். அந்தப் பத்தியை அடிச்சிடுங்க. உங்க ஸ்கேல்ல போட்ட கோடுதானே?”

அவர் சங்கத்துக்குப் போய் அதைத்தான் சொன்னார். மருந்துக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ஆசிரியைதான் பேசினார். “ஏழு வருஷம் அடிக்கலை. சார் பொண்ணு ஜெயிக்கப் போறப்ப அடிக்கறோம். தபால்காரர் வீட்டம்மா முகத்துல எப்படி முழிக்கறது?” வரைபடக்காரர் ஸ்கேலை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வீட்டில் மகளிடம் கெஞ்சிப் பார்த்தார். ஓடாதே என்றார், ஓடினாலும் ஒரு கொடியை விட்டுவிட்டு வா என்றார். அவள் தட்டிலிருந்து கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“உள்ள போனவங்க யாருக்கும் மேப் இல்லப்பா. எனக்கு நீங்க இருக்கீங்க.”

“காட்டை நான் நடந்து பார்த்து வரைஞ்சேன். இதை எப்படிம்மா நடந்து பார்ப்பேன்?”

“நான் நடந்துட்டு வந்து சொல்றேன்” என்றாள் மகள். தாய் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அடுப்பில் எதுவும் இல்லை.

மதிப்பெண் போடும் நாளில் வரைபடக்காரர் தன் வாழ்நாளின் ஒரே அநியாயத்தைச் செய்தார். கால்காரம்மாவின் கோப்பைக்கு எல்லாப் பத்தியிலும் சைபர் போட்டார். ரொட்டிக்கடைக்காரர் பிசைந்து சுட்ட களிமண் கோப்பைக்கு எல்லாவற்றிலும் பத்து போட்டார். அதன் கைப்பிடி ஒரு பக்கம் தொங்கியது, ஆடாமல் நிற்க அடியில் காகிதம் மடித்துச் செருக வேண்டியிருந்தது. தலைவர் மதிப்பெண்ணை இரட்டிப்பாகக் கணக்கிடலாம் என்று யாரும் தொடாத பழைய விதி ஒன்று இருந்தது. அதையும் எடுத்து வைத்தார். மற்ற இருவரும் கையெழுத்திட்டார்கள். கால்காரம்மா தன் கோப்பையைத் துணியில் சுற்றிப் பட்டறைக்கு எடுத்துப் போனார்.

மகள் எழுபத்திரண்டு நிமிடத்தில் காட்டிலிருந்து வந்தாள். அடுத்து வந்தவருக்கு அதற்குமேல் ஒன்பது நிமிடம் ஆயிற்று. மைதானத்தில் கூடியிருந்தவர்கள் எல்லோர் உள்ளங்கையிலும் திசைகாட்டி இருந்தது. அவள் மேசைக்கு வந்து, கோப்பையை மூடியிருந்த துணியை விலக்கினாள். முட்கள் அசையவில்லை, ஐஸ் ஃபேக்டரி மேஸ்திரி வீட்டையே காட்டிக்கொண்டிருந்தன. அவள் களிமண் கோப்பையைத் தூக்கினாள், காகிதம் கீழே விழுந்தது. திரும்ப வைத்தாள்.

“இதுக்கு யாரு மார்க் போட்டது?”

“நான்தாம்மா.”

“எனக்கு முன்னாடி ஓடின ஏழு பேருக்கு கால்காரம்மா செஞ்சதைக் குடுத்தீங்க” என்றாள். சத்தம் போடவில்லை, கோபம்கூட இல்லை. “எனக்கு மட்டும் இதாப்பா?”

சேறு அப்பிய ஷூவோடு மைதானத்தைக் கடந்து பட்டறைத் தெருப் பக்கம் நடந்தாள். வரைபடக்காரர் பின்னால் போகவில்லை. நின்ற இடத்திலேயே திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் எதுவும் இல்லை. பிறகு முள் மேஸ்திரி வீட்டை விட்டுவிட்டுப் பட்டறையின் பக்கம் திரும்பியது. சற்று நின்று, நகர்ந்தது. ஒரு ஆள் நடக்கிற வேகத்தில் நகர்ந்தது. ரொட்டிக்கடை, பள்ளிக்கூடச் சுவர், தண்ணீர்த் தொட்டி என்று தன் மகள் எந்த முனையில் திரும்புகிறாள் என்பது அவருக்கு முள்ளிலேயே தெரிந்தது. அந்தத் தெருக்களை வரைந்தவர் அவர்தானே. தண்ணீர்த் தொட்டி தாண்டி இடதுபக்கம் திரும்பாமல் நேராகப் போய்விடக் கூடாதா என்று மனம் அடித்துக்கொண்டது. இடதுபக்கம் திரும்பியது. நான்காவது வீட்டில், அவர் வீட்டில், நின்றது. மைதானத்தில் அத்தனை பேரும் உள்ளங்கையிலிருந்து நிமிர்ந்து அவரைப் பார்த்தார்கள். ஆசிரியை வந்து அவர் தோளைத் தொட்டார்.

இந்த வீட்டிலும் மூன்று மாதம் எதுவும் இல்லை. நான்காம் மாதம் துண்டு எடுக்கத் தன் அறைக்குப் போன மகள் இரண்டு மணி நேரம் கழித்து வந்து, சமையலறை மேசையில் உட்கார்ந்து, “எழுதிக்குங்கப்பா” என்றாள். ஃப்ரிட்ஜுக்கு அந்தப் பக்கம் ஒரு சரிவு, சரிவு முடிந்ததும் மூன்று கதவு, நடுக்கதவு பூட்டியிருக்கிறது. அவர் பென்சிலைச் சீவிக்கொண்டு, தான் பார்க்கவே முடியாத இடத்தை அவள் வாய்ச்சொல்லை வைத்து வரைய ஆரம்பித்தார். அவருக்கும் மனைவிக்கும் சமையலறையிலிருந்து மகள் அறை பதினொரு தப்படி. அவளைச் சமையலறையிலேயே கட்டில் போட்டுப் படுக்கவைத்தும் பார்த்தார்கள். ஒரு வாரத்தில் கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவில் அரை நாள் ஆயிற்று. வெளியே கூட்டிப் போய்விடலாமே என்றவர்களுக்கு, வாசல் வரை வந்து சேர்ந்தால்தானே என்றாள் தாய். ஆனால் மற்ற ஏழு பேரும் செய்யாததை இவள் செய்தாள். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தாள். அதைக் கேள்விப்பட்டுத் தபால்காரரின் மனைவியும் தையல்காரரின் மனைவியும் வந்து தங்கள் வீட்டுக்கும் வரைந்து தரச் சொன்னார்கள். உள்ளேயிருந்து வந்து சொல்ல ஆள் இல்லாமல் அவரால் எப்படி வரைய முடியும்? அவர்கள் வாசலோடு திரும்பிப் போனார்கள்.

முள் பத்தியை அடுத்த ஆண்டு மூவரும் சேர்ந்து அடித்துவிட்டார்கள். கால்காரம்மா இப்போது கால் மட்டும் செய்கிறார். அதனால் வடக்குக்குப் போக வேறு இடம் இல்லை, வரைபடக்காரர் வீட்டிலேயே நிரந்தரமாகத் தங்கிவிட்டது. ஊரும் அதற்கு ஏற்றபடி பழகிவிட்டது, புதிதாக அச்சடித்த வரைபடங்களில் அந்த வீட்டுக்கு மேல் சிறிய அம்புக்குறி இருக்கிறது.

போன புதன்கிழமை வர வேண்டியவள் சனிக்கிழமைதான் வந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது, குதிகாலில் தோல் உரிந்திருந்தது. வரைபடத்தை விரித்து ஒரு மேட்டின் மேல் விரலை வைத்து, “இது இங்க இல்லப்பா, இன்னும் தள்ளி” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவர் அதை அழித்தார். தாள் கிழிந்துவிடுமோ என்கிற அளவுக்கு அழித்துவிட்டு வேறிடத்தில் வரைந்தார். தாய் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டே, “எப்ப வருவே?” என்று கேட்டாள்.

“மேப் சரியா இருந்தா அடுத்த வெள்ளிக்கிழமைம்மா.”

போன தடவை நான்கு நாளைக்குக் கட்டியிருந்தாள். இந்தத் தடவை ஆறு நாளைக்குக் கட்டி, கொஞ்சம் யோசித்துவிட்டு, இன்னும் மூன்று நாளைக்குச் சேர்த்துக் கட்டினாள். வரைபடக்காரர் அதைப் பார்த்தார், பார்க்காத மாதிரி பென்சிலைச் சீவினார்.