பத்து கிராம்

எங்கள் வீட்டு மனுஷருக்குத் தராசு முள் சரியாக நின்றால் பிடிக்காது. கால் கிலோ பிஸ்கட் கேட்டவருக்குக் கால் கிலோ போட்டு, மேலே ஒரு கை கொசுறும் போட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும். "பேசாம பேக்கரியையே பொட்டலம் கட்டிக் குடுத்துடுங்க" என்று கல்லாவிலிருந்து எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். காதில் போட்டுக்கொண்டால்தானே!

மகள் அப்படியே எதிர். துளி கூடினாலும் குறைந்தாலும் விடமாட்டாள். வேதியியல் பைத்தியம் பிடித்ததிலிருந்து என் சமையலறை என்னுடையதாக இல்லை. அறிவியல் பள்ளி ஒன்றில் இடத்துக்காக விண்ணப்பித்திருந்தாள். கிடைத்தால் படிப்புச் செலவு முழுக்க அவர்கள் பொறுப்பு. வீட்டிலேயே ஒரு சோதனை செய்து, கிடைத்த பொருளையும் கணக்கையும் கொண்டுபோய்க் காட்டவேண்டும்.

சமையல் சோடாவை பேக்கரி அடுப்பில் வறுத்துச் சலவைச் சோடா ஆக்கினாள். அலமாரியில் ஈரம் உறிஞ்ச வைக்கும் கால்சியம் குளோரைடைத் தனியாகக் கரைத்தாள். இரண்டையும் சேர்த்ததும் தண்ணீர் பால் போல வெளுத்தது.

"கால்சியமும் கார்பனேட்டும் ஜோடி சேந்து கீழ எறங்கிடும்மா. அதான் சுண்ணாம்புத் தூள். சோடியமும் குளோரைடும் வேலை ஒண்ணும் செய்யாது. தண்ணியிலயே நின்னு வேடிக்கை பாக்கும்."

"நம்ம தெருக்காரங்க மாதிரின்னு சொல்லு."

சிரித்தாள். பத்து கிராம் வரவேண்டும் என்று முன்னாலேயே கணக்குப் போட்டு, எங்கள் இருவரிடமும் சொல்லிவிட்டாள்.

வடிகட்டி, கழுவி, இரண்டு நாள் உலர்த்தி, காலையில் ஈஸ்ட் நிறுக்கும் சின்னத் தராசில் வைத்தாள். ஒன்பது புள்ளி ஒன்று. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். எடை மாறாமல் நிற்கிறதா என்று சாயங்காலம் இன்னொரு தடவை பார்க்கவேண்டுமாம். பேசாமல் பள்ளிக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் சரியாகப் பத்து.

"காலையில தூக்கக் கலக்கத்துல தப்பாப் பாத்துட்டேன் போல!" என்று குதித்தாள். இவரும் கூடவே கைதட்டினார்.

தேர்வு நாளன்று நான்தான் அழைத்துப் போனேன். அந்தப் பள்ளி டீச்சர் கணக்கைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"நூத்துக்கு நூறா? கொஞ்சம்கூட வீணாகலையா?"

"இல்ல டீச்சர். நானே நிறுத்தேன்."

டீச்சர் தூளைக் கிண்ணத்தில் கொட்டி வினிகர் ஊற்றினார். சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்தது. ஆனால் அடியில் ஏதோ வெள்ளையாகக் கரையாமல் கிடந்தது. அதன்மேல் ஒரு சொட்டு அயோடின் விட்டார். கருநீலம்.

"இது மாவும்மா. எதுக்குச் சேத்தே?"

எங்கள் வீட்டில் யார் கை எப்போதும் மாவுக் கை என்று எனக்கா தெரியாது? மகளோ "நான் எதுவும் சேக்கல, நிஜமாச் சேக்கல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். "அவ அப்பாவா இருக்கும்" என்று நான் சொன்னதும் டீச்சர் முகம் இன்னும் இறுகியது. பிள்ளை செய்ததைப் பெற்றவர்மேல் போடுகிறேன் என்று நினைத்திருப்பார். பெயரை அடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் இவரை ஒரு பிடி பிடித்தேன். அந்தப் பெரிய உடம்பு அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டது.

"காலையில புள்ள மொகமே செத்துப்போச்சு. மத்தியானம் மனசு கேக்கல. ஒரு சிட்டிகைதான்... எடை வந்துட்டா சந்தோஷப்படுவான்னு போட்டேன்."

"அது என்ன பிஸ்கட்டா? பாவி மனுஷா!" என்று கத்தினேன். கத்தும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. கெட்ட எண்ணம் துளியும் இல்லாத மனிதரை எப்படி முழுசாகத் திட்டுவது?

மகள் அழவில்லை. அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"காலையில நான் ஒண்ணும் வருத்தப்படலப்பா. மீதி எங்க போச்சுன்னு யோசிச்சிட்டு நின்னேன். கொஞ்சம் வடிகட்டுற தாள்ல ஒட்டியிருக்கும், கொஞ்சம் கழுவுறப்பப் போயிருக்கும். பள்ளிக்கூடத்துல உக்காந்து அதையெல்லாம் ஒரு பக்கத்துக்கு எழுதிட்டேன். ஒன்பது புள்ளி ஒண்ணுதான் சரியான விடை. சாயங்காலம் பத்துன்னு பாத்ததும், என் யோசனைதான் தப்புன்னு நெனச்சு அந்தப் பக்கத்தைக் கிழிச்சிட்டேன்."

இவர் தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அடுத்த வாரம் அவள் மறுபடி சோடா வறுக்க ஆரம்பித்தாள். எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. தூளை உலர்த்தும் அலமாரிக்கு ஒரு பூட்டு வேண்டும் என்றாள். எதற்கென்று நான் கேட்கவில்லை. இவரும் கேட்கவில்லை. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, இவரே போய் வாங்கி வந்தார். சாவி இரண்டையும் அவள் கையிலேயே கொடுத்தார்.