மல்குஸின் வலது காது

ஆண்டவர் வேஷத்துக்கு ஃபிட்டரின் தங்கை வீட்டுக்காரரை விட்டால் அந்தச் சபையில் வேறு ஆள் கிடையாது. நல்ல உயரம், தேன் ஒழுகுகிற குரல், பார்த்ததும் கும்பிடத் தோன்றுகிற முகம். முகத்தைப் பார்த்து ஆளை எடை போட்டால் ஒருநாள் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும் என்பது ஃபிட்டருக்கு இந்த வருடம்தான் புரிந்தது.

வருடா வருடம் கோவில் முற்றத்தில் போடுகிற சிலுவைப்பாடு நாடகத்தில், ஆண்டவரைத் தோட்டத்தில் பிடித்துக்கொண்டு போகும் காட்சியில் ஃபிட்டர்தான் பேதுரு. மூக்குக்கு மேல் கோபம் வருகிற மனுஷன் என்பதால் ஞாயிறுப்பள்ளி டீச்சரம்மா யோசிக்காமல் அவரைப் பிடித்துப் போட்டிருந்தார். பட்டயத்தை உருவ வேண்டும், பிரதான ஆசாரியனின் வேலைக்காரன் மல்குஸின் வலது காதை வெட்ட வேண்டும், ஆண்டவரிடம் திட்டு வாங்க வேண்டும். வேஷம் அவ்வளவுதான். போன வருடம் மரக்கத்தி பாதியில் உடைந்து ஊரே சிரித்ததால், இந்த வருடம் ஃபிட்டரே இரும்புத் தகட்டை வெட்டி ஒரு கத்தி செய்து வைத்திருந்தார். அதைச் செய்தபோது தங்கையின் மாப்பிள்ளை மேல் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இருவருக்கும் ஒரே அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. மாப்பிள்ளையை அங்கே சேர்த்துவிட்டதே ஃபிட்டர்தான். சேர்ந்தவர் சூப்பர்வைசர் ஆகிவிட்டார். ஃபிட்டர் ஸ்பானரோடு ஃபிட்டராகவே இருந்தார். அதில் அவருக்குப் பொறாமை கிடையாது, தங்கை நன்றாக இருந்தால் சரி. ஆனால் அட்டை வெட்டுகிற இயந்திரத்தில் கத்திக்கு முன்னால் ஒரு கம்பித் தடுப்பு உண்டு. அது இருந்தால் கை உள்ளே போகாது, வேலையும் கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கும். அவசர ஆர்டர் வந்த அன்று மாப்பிள்ளை அவரிடம் வந்தார்.

"மச்சான், இன்னிக்கு மட்டும் அந்தத் தடுப்பைக் கழட்டி விடுங்களேன்."

"என் உயிர் போனாலும் கழட்ட மாட்டேன் மாப்ளே. அங்க நிக்கிறது சின்னப் பொண்ணு."

இயந்திரத்தைத் துடைத்து, எண்ணெய் விட்டு, தடுப்பை மாட்டி, நட்டுகளை முறுக்கிவிட்டுத்தான் அவர் டீ குடிக்கப் போனார். திரும்பி வருவதற்குள் அலறல் கேட்டது. தடுப்பு கழன்று சுவரோரம் சாய்ந்திருந்தது. அந்தப் பெண்ணுக்கு இரண்டு விரல் நுனி போய்விட்டது.

விசாரணையில் மேனேஜர் முன்னால் மாப்பிள்ளை எழுந்து நின்று, அந்தத் தேன் குரலில் சொன்னார்: "மச்சான் தடுப்பை மாட்ட மறந்துட்டார் சார். வேணும்னு செய்யல. மனுஷன்தானே."

மறந்துவிட்டார் என்ற பொய்யைக்கூட ஃபிட்டர் ஒருநாள் ஜீரணித்துவிடுவார். மனுஷன்தானே என்று பரிந்து பேசினாரே, அதுதான் அவர் நெஞ்சில் ஆணியாக இறங்கியது. அன்றைக்கே வேலை போயிற்று. தெருவில் அந்தப் பெண்ணின் அம்மா அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

தங்கை அவர் வீட்டுக்கு வந்து அழுதாள். "அண்ணே, கொஞ்சம் பொறுத்துக்கோ. உனக்குக் கைத்தொழில் இருக்கு, எங்க போனாலும் பிழைச்சுக்குவே. இவருக்கு என்ன தெரியும்?"

அப்படியென்றால் தங்கைக்கும் விஷயம் தெரியும்.

நாடகத்தன்று மத்தியானம் அவர் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து அந்த நாடகக் கத்தியைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். மனைவி வந்து பார்த்தாள்.

"விளையாட்டுக் கத்திக்கு எதுக்கு சாணை?"

"துரு."

"போன மாசம் செஞ்ச தகடு அதுக்குள்ள துருப்பிடிச்சிடுச்சா?"

அவர் தலையைத் தூக்கவில்லை. "பேதுரு அவசரப்பட்டு வெட்டினதை ஒட்ட வைக்க ஆண்டவர் பக்கத்திலேயே இருந்தார். நீங்க வெட்டிட்டு வந்தா ஒட்ட வைக்க யாரு இருக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

அவர் போட்டு வைத்திருந்த திட்டம் இதுதான். பட்டயத்தை உருவியதும் மல்குஸ் பக்கம் போகாமல் ஆண்டவர் பக்கம் திரும்ப வேண்டும். அந்த அழகான முகத்துக்கு நேராக நீட்டி, நடந்தது எல்லாவற்றையும் சபை கேட்கக் கத்திச் சொல்ல வேண்டும். பயமுறுத்துவதோடு சரி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வெறுமனே பயமுறுத்துவதற்கு எதற்கு இவ்வளவு கூர் என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, இன்னொரு தடவை சாணை பிடித்தார்.

மல்குஸ் வேஷம் தொழிற்சாலை வாட்ச்மேன் பெரியவருடையது. மைதா மாவில் ஒரு காது செய்து, உள்ளே சிவப்புச் சாயம் வைத்து, அவருடைய வலது காதின் மேல் பசை போட்டு ஒட்டுவது ஃபிட்டரின் வேலை. வெட்டு விழுந்ததும் பெரியவர் அலறிக்கொண்டே அதைப் பிய்த்துவிட வேண்டும். அன்றைக்கும் ஃபிட்டர்தான் ஒட்டினார். எப்போதும் ஏதாவது கிண்டலடித்துக்கொண்டே காதைக் காட்டுகிற பெரியவர் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. ஃபிட்டர் அதைக் கவனித்தார். வேலை போனவனிடம் என்ன பேசுவது என்று கூச்சப்படுகிறார் போல என்று விட்டுவிட்டார்.

முற்றம் நிறையக் கூட்டம். முன்வரிசையில் தங்கை. யூதாஸ் வந்து முத்தம் கொடுத்தான். சேவகர்கள் சூழ்ந்தார்கள். மாப்பிள்ளை வெள்ளை அங்கியோடு ஒரு அடி முன்னால் வந்து, "யாரைத் தேடறீங்க?" என்றார். அவர்கள் பெயரைச் சொன்னார்கள்.

"நான்தான்" என்றார் மாப்பிள்ளை.

எவ்வளவு கம்பீரமாகச் சொன்னார்! கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஃபிட்டருக்கு உச்சந்தலைவரை ஜிவ்வென்று ஏறியது. இந்த ஒரு வார்த்தையை மேனேஜர் முன்னால் சொல்ல வாய் வந்ததா? இதே வாய்தானே? அவர் பட்டயத்தை உருவினார். மல்குஸ் பக்கம் போகவில்லை. ஆண்டவரைப் பார்த்துத் திரும்பினார்.

மாப்பிள்ளைக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. முகத்தில் ஈயாடவில்லை. முன்வரிசையில் தங்கை எழுந்து நின்றுவிட்டாள். ஃபிட்டருக்குச் சொல்ல வந்தது ஒன்றுகூட நினைவில் இல்லை. கை மட்டும் மேலே போயிற்று. மேலே போன கை இறங்கவும் தொடங்கிவிட்டது.

அப்போதுதான் வாட்ச்மேன் பெரியவர், ஒத்திகையில் சொல்லிக்கொடுத்தபடி, விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வைத்தார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பேதுரு உருவினதும் ஒரு அடி, பிறகு அலறல். நேராகக் கத்திக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் வந்து நின்றார்.

ஃபிட்டர் மணிக்கட்டை எப்படித் திருப்பினார் என்று அவருக்கே தெரியாது. கத்தி பெரியவரின் தலைத்துணியைக் கிழித்துக்கொண்டு போய்க் காற்றில் நின்றது. துணி மட்டும் கீழே விழுந்தது. தோலில் ஒரு கீறல்கூட இல்லை.

பேதுருவும் யூதாஸைத்தான் குறிவைத்து வீசியிருப்பான் என்று அந்த இடத்தில் ஃபிட்டருக்குத் தோன்றியது. துரோகம் செய்தவனைப் பார்த்து வீசியது, விளக்குப் பிடிக்க வந்த கூலிக்காரன் தலையில் போய் விழுந்திருக்கும். யூதாஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. காது போனது வேறு ஒருவனுக்கு. இத்தனை வருடம் அந்த வேஷம் போட்டும் இது அவர் மண்டையில் ஏறியதில்லை.

பெரியவர் பயத்தில் அலறவும் மறந்தார், காதைப் பிய்க்கவும் மறந்தார். மாப்பிள்ளை, "போதும் பேதுரு, பட்டயத்தை உள்ள வை" என்றார். தேன் குரல் எங்கே போயிற்றோ, கீச்சென்று வந்தது. பிறகு பழக்கதோஷத்தில் கையை நீட்டி, வெட்டுப்படாத காதைத் தொட்டுக் குணமாக்கினார்.

"காது அங்கேயேதான் இருக்கு!" என்று ஒரு குழந்தை கத்தியது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. டீச்சரம்மா அவசர அவசரமாகத் திரையை இழுத்தார்.

வேஷம் கலைக்க ஞாயிறுப்பள்ளி வகுப்பறையைத்தான் கொடுத்திருந்தார்கள். மற்றவர்கள் அடுத்த காட்சிக்குப் போயிருந்தார்கள். சிறுபிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் ஃபிட்டர் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை வந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினார். மூலையில் இருந்த பெரியவரை அவர் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

"மச்சான், இன்னியோட என் கதை முடிஞ்சதுன்னே நினைச்சேன்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்."

"தடுப்பைக் கழட்டினது நான்தான். உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும். அதை ஆபீஸ்ல வந்து சொல்லுங்க மாப்ளே. அது போதும் எனக்கு."

மாப்பிள்ளை அவர் பக்கத்தில் குந்தி, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "சொன்னா என்னைத் தூக்கி உள்ள வச்சிடுவாங்க மச்சான். உங்க தங்கச்சி கதி என்ன ஆகும்? உங்களால தாங்க முடியும். இப்பகூட பாருங்க, கடைசி நேரத்துல எவ்வளவு பொறுமையா கையை இழுத்துக்கிட்டீங்க. அந்த மனசு எனக்கு வராது." கண்ணில் தண்ணீர்கூட வந்தது. பிறகு கண்ணைத் துடைத்து, தாடியைச் சரி செய்துகொண்டு, சிலுவை சுமக்கப் போய்விட்டார்.

ஃபிட்டர் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஓங்கிய கையை இழுத்துக்கொண்டதற்கு இதுவா சம்பளம்? பொறுத்துப் போகிறவன் முதுகில்தான் ஊரே மூட்டை ஏற்றும் போலிருக்கிறது. கத்தி மேஜை மேல்தான் கிடந்தது, கை எட்டுகிற தூரம். அவர் அதைப் பார்த்தார். பட்டயத்தை உள்ளே வைக்கச் சொன்ன அதே ஆண்டவர், கொஞ்ச நேரம் கழித்து விசாரணையில் ஒருவன் அவர் கன்னத்தில் அறைந்தபோது சும்மா இருக்கவில்லையே. நான் சொன்னதில் என்ன தப்பு, எதற்கு அடித்தாய் என்று நேராகக் கேட்டாரே. கையைத்தான் அடக்கச் சொன்னார், வாயை இல்லை. இது ஃபிட்டருக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. ஆனால் கேட்பதற்கு, தடுப்பைக் கழட்டினதைக் கண்ணால் பார்த்த சாட்சி வேண்டும். சாட்சி யார்?

பெரியவர் மூலையில் காதைப் பிடித்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பசை விடவில்லை. "இருங்க ஐயா, நான் எடுத்து விடறேன்" என்று ஃபிட்டர் எழுந்து போய், விரலில் எண்ணெய் தொட்டு, மாவுக் காதின் ஓரத்தை மெல்ல நெம்பத் தொடங்கினார்.

"அந்த வெட்டு எனக்குப் போட வந்தது இல்லதானே?"

"இல்ல ஐயா. மன்னிச்சிடுங்க. இதுல ஒரு சம்பந்தமும் இல்லாத ஆள் நீங்க ஒருத்தர்தான். உங்க மேல பட்டிருந்தா நான் செத்தே போயிருப்பேன்."

பெரியவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார். "நீங்க டீ குடிக்கப் போனப்ப நான் தண்ணி பிடிக்க உள்ள வந்தேன் ஃபிட்டரே. சூப்பர்வைசர் ஸ்பானரும் கையுமா நின்னார். அவர் கழட்டினதை நான் பார்த்தேன்."

ஃபிட்டரின் விரல்கள் நின்றன. மாப்பிள்ளையாவது தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பொய் சொன்னார். இந்த மனுஷனுக்கு என்ன கேடு? தினமும் கேட்டில் இவரோடு நின்று பேசிவிட்டுத்தானே உள்ளே போவேன்? வேலை போய் வெளியே வந்தபோது, கேட்டைத் திறந்துவிட்டதே இவர்தானே? தலையைக் குனிந்துகொண்டு திறந்தாரே! இவருக்காகவா மணிக்கட்டைத் திருப்பினேன்? பாதி பெயர்ந்த பசை அவர் விரலில் இருந்தது. வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தால் தோலோடு வரும். விரல் இறுகுவது அவருக்கே தெரிந்தது.

அவர் இன்னும் கொஞ்சம் எண்ணெய் தொட்டுக்கொண்டார். மிச்சப் பசையை இம்மி இம்மியாக எடுத்து முடித்தார்.

"திங்கட்கிழமை மேனேஜர்கிட்ட இதைச் சொல்லணும் ஐயா. நான் கேட்டுக்கு வெளியே நிப்பேன்."

"என் வேலை போயிடும்ப்பா."

"போகலாம். எனக்குப் போயிடுச்சு."

பெரியவர் சிவந்திருந்த காதைத் தடவிக்கொண்டார். "அந்தப் பொண்ணு கைக்குத் துணி கட்டினது நான்தான்" என்றார். "என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு, 'தாத்தா, தடுப்பு இருந்துச்சுல்ல?'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா." பிறகு, "வந்து சொல்றேன்" என்றார்.

நம்பலாமா என்று ஃபிட்டருக்குத் தெரியவில்லை. நம்பின இடத்தில் எல்லாம் அடி வாங்கியாயிற்று. ஆனாலும் திங்கட்கிழமை விடிந்ததும் அவர் வெறுங்கையோடு போய் அந்த கேட்டுக்கு எதிரே நின்றார்.