நியமன உறுப்பினர்

குமாரசாமி சோபாவின் நுனியில் மட்டும் பிட்டத்தை வைத்திருந்தார். முதுகு சாயவில்லை. கோட்டைக் கழற்றித் தாருங்கள் என்று வீட்டுக்காரி கமலநாயகி இரண்டு தரம் கேட்டும் கழற்றவில்லை. ஒரே ஜெர்மன் நகரில் இத்தனை காலம் இருந்தும், தமிழ் மன்றத் தலைவரான அவர் உருத்திரமூர்த்தியின் வீட்டுப் படியேறுவது இதுதான் முதல் தடவை. வரவைத்தது ஞாயிற்றுக்கிழமைத் தேர்தல். நிருவாகத்துக்கு உருத்திரமூர்த்தி பெயர் கொடுத்திருந்தான். அவனுடைய ஆட்களில் இதுவரை ஒருவரும் கொடுத்ததில்லை. இப்போது அவர்களுடைய பிள்ளைகளும் வளர்ந்து வாக்குப்போடும் வயதுக்கு வந்துவிட்டார்கள். வெல்லுவான் என்பது குமாரசாமிக்குத் தெரியும்.

அவனுக்கு வேண்டியிருந்தது மன்றத்தின் சமையலறை. விழா நாட்களில் அவன் மனைவி கமலநாயகி வாசலுக்கு வெளியே இருந்து வெங்காயம் உரிக்கலாம், அண்டா கழுவலாம், அகப்பையைத் தொட முடியாது. யாரும் வாய்விட்டுத் தடுத்ததில்லை. "அக்கா, நீங்கள் ஏன் கஷ்டப்படுறியள், விடுங்கோ" என்று சிரித்துக்கொண்டே கையிலிருந்து வாங்கிவிடுவார்கள். போன மாதம் பொங்கலன்று ஆள் குறைந்த நேரத்தில் அவள் உள்ளே போய்க் கிண்டிவிட்டாள். அந்தப் பொங்கலை அண்டாவோடு தூக்கிக் கொண்டுபோய்ப் பின்பக்கக் குப்பையில் கொட்டினார்கள். அடிப்பிடித்துவிட்டதாம். உருத்திரமூர்த்தி அண்டாவின் அடியைப் பார்த்தான். பிடித்திருக்கவில்லை. பன்றி வெட்டும் தொழிற்சாலையில் குடல் கழுவுகிறவன் அவன். அந்த நாற்றம் சவர்க்காரம் போட்டுக் குளித்தால் போய்விடும். அன்று வந்த அருவருப்பு குளித்தும் போகவில்லை.

"எங்களுக்குள்ள தேர்தல் கீர்தல் எல்லாம் ஏன், உருத்திரன்?" என்றார் குமாரசாமி. "பேரை வாபஸ் எடு. நானே உன்னை நியமன உறுப்பினராப் போடுறன். நிருவாகத்தில உனக்கொரு கதிரை நிச்சயம்."

"நியமிச்ச ஆளுக்கு நிருவாகத்தில வோட்டு இருக்கோ, ஐயா?"

ஐயா என்றது வாய். மற்ற எல்லாரும் அவரை அண்ணை என்கிறார்கள். தன் நாக்கை நினைக்கவே அவனுக்குக் குமட்டியது.

"வோட்டு என்னத்துக்கு? கௌரவம்தானே முக்கியம். என்ரை பூட்டன் சட்டநிரூபண சபையில இருந்தவர், தெரியுந்தானே?" தெரியாமல் என்ன. மன்ற மண்டபத்தில் தலைப்பாகையும் கறுப்புக் கோட்டுமாய்ப் படம் தொங்குகிறது. ஒவ்வோர் ஆண்டு விழாவிலும் இந்தக் கதையைக் கேட்டாக வேண்டும். "வாசல் வாசலாப் போய் வோட்டுக் கேட்டவரில்லை. இங்கிலீசுக்காரத் தேசாதிபதி ஆளனுப்பிக் கூப்பிட்டுக் குடுத்த பதவி."

"அங்க போய் என்ன கதைச்சவர், அங்கிள்?" மகள் பிரபாலினி கேட்டாள். முதியோர் இல்லத்தில் தாதி. வேலைக்குப் போகத் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவோ! கூலிக்காரனுக்கும் கண்டவனுக்கும் வாக்குரிமை குடுக்கக்கூடாது எண்டு, சபையில எழும்பி நிண்டு சொன்ன ஆள்!"

மேடையில் கைதட்டல் விழும் இடம் அது. பழக்கத்தில் நிறுத்தினார். ஒருவரும் தட்டவில்லை. எந்த வீட்டில் இருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும், கோட்டுப் பொத்தானைப் பிடித்துத் திருகினார்.

கமலநாயகி தட்டோடு வந்தாள். மூடி திறக்காத சோடாப் போத்தல், பக்கத்தில் உறை பிரிக்காத கடதாசிக் கோப்பைகள். காலையிலேயே வாங்கி வைத்திருக்கிறாள். ஊரில் குமாரசாமியின் சாதிக்காரர் இவர்கள் வீடுகளுக்கு வந்தால் தண்ணீர் தொடமாட்டார்கள், மூடி உடைக்காத சோடாதான் குடிப்பார்கள். அதை அவள் ஜெர்மனி வரைக்கும் மறக்காமல் கொண்டுவந்திருக்கிறாள். அந்த நேரத்தில் அவரைவிட அவள்மேல்தான் அவனுக்கு அதிகம் வெறுப்பு வந்தது. குமாரசாமியின் முகம் தெளிந்தது, கையை நீட்டினார். அதற்குள் பிரபாலினி, "வீட்டுக்கு வந்த ஆளுக்குக் கடதாசிக் கோப்பையோ, அம்மா?" என்று ஏசிக்கொண்டே போத்தலைத் திறந்து, தாங்கள் குடிக்கும் கிளாசில் ஊற்றி நீட்டினாள்.

"எனக்குச் சுகர், பிள்ளை."

"சீனி இல்லாதது, அங்கிள். போத்தலில போட்டிருக்கு, பாருங்கோ."

அவர் கிளாசை வாங்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. உருத்திரமூர்த்தி மகளிடமிருந்து அதை வாங்கி அவருக்கு முன்னால் வைத்தான்.

"ஒரு மிடறு குடியுங்கோ. பேரை வாபஸ் எடுக்கிறன்."

"என்னப்பா விசர்க்கதை கதைக்கிறியள்?" என்றாள் கமலநாயகி.

குமாரசாமி கிளாசைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். பகிடி இல்லை என்று விளங்கியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு எடுத்து வாயில் கவிழ்த்தார். குடிக்கமாட்டார் என்றுதான் உருத்திரமூர்த்தி நினைத்திருந்தான். அந்தச் சமையலறையை விட்டுக்கொடுக்காமல் இருக்க இதையும் செய்வார் என்று நினைக்கவில்லை. கிளாசை வைத்துவிட்டு அவர் சடாரென்று எழும்பினார். கைபேசியைக் காட்டி, யாரோ கூப்பிடுவதுபோலத் தலையாட்டி, ஒரு வார்த்தை பேசாமல் கதவைத் திறந்துகொண்டு போனார். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன.

"குடிச்சிட்டார்," என்றாள் கமலநாயகி மெதுவாக. "எங்கட வீட்டில குடிச்சிட்டார். இனி நீங்கள் சொன்ன சொல்லு?"

அவன் சன்னலைத் திறந்தான். கீழே குமாரசாமி குப்பைத் தொட்டியில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து துப்பிக்கொண்டிருந்தார். கைக்குட்டையால் நாக்கை வழித்தார். மறுபடியும் துப்பினார். பிறகு, நிறுத்தியிருந்த யாருடையதோ காரின் கூரையிலிருந்து ஒரு பிடி பனியை அள்ளி வாய்க்குள் திணித்து, அது கரையும் வரைக்கும் அண்ணாந்து நின்று கொப்பளித்தார்.