உயரமான வண்டி

...இதுதான், இதைவிட உயரமான வண்டி இங்கே வேறு இல்லை என்று தெரிந்த கணத்தில் இவளுக்குத் தொண்டைக்குள் ஏதோ இனித்தது, சீ, என்ன மனசு இது என்று தன்னையே அதட்டிக்கொண்டு மறுபடி அந்தப் பழைய வேனின் வாசலைப் பார்த்தாள், முழங்காலுக்கு மேலே நிற்கிறது தரை, லாரிக்குப் போடும் இரும்புச் சட்டத்தின் மேல் உட்கார வைத்த கூடு, அப்படித்தான் இருக்கும் என்றார் வண்டி விற்கிறவர். பக்கத்தில் புது வேன்கள் இரண்டும் பூனை மாதிரி தரையோடு தரையாகப் படுத்திருந்தன, கதவைத் தள்ளினால் நடந்தே உள்ளே போகலாம், ஓட்டினால் சத்தமே இல்லை, எல்லாம் சரி... ஆனால் அதில் நாத்தனாரும் ஏறிவிடுவாளே. கணவனின் அக்கா, சின்ன வயதிலேயே ஒரு கால் சூம்பிப் போனவள், அதற்குக் கம்பிச் சட்டம், கையில் ஊன்றுகோல், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முன்சீட் அவளுக்குத்தான், காலை நீட்ட வேண்டுமாம். பின்னால் பிள்ளைகளின் பிஸ்கட் தூளுக்கு நடுவே உட்கார்ந்து, அக்காவும் தம்பியும் சிரித்துக் குலுங்கும் பிடரிகளைப் பார்த்தே இவளுக்குப் பாதி ஆயுசு போய்விட்டது, கடற்கரைக்கு, ஆஸ்பத்திரிக்கு, சொந்தத் தங்கை கல்யாணத்துக்குக்கூட... முடியாதவளைப் பார்த்தா பொறாமை? வாயைத் திறந்தால் பாவி என்பார்கள். வாயைத் திறக்காமலே ஒரு வழி இருந்தால்?

"புதுசையே எடுத்துடலாமா? அக்காவுக்கும் ஏற சுலபம்," என்றான் கணவன், எதிர்பார்த்ததுதான், அக்காவுக்கு அக்காவுக்கு என்று அரைத்த மாவையே அரைக்கிற வாய். கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன், அவன் பலவீனம் இவளுக்குத் தெரியாதா என்ன... "ஏற நல்லாத்தான் இருக்கு. ஆனா மேட்டுல உங்க ஸ்பீக்கர் பெட்டிங்களை யாரு இழுக்கறது? பழசுதாங்க லாரி மாதிரி இழுக்கும்." விற்கிறவர் தலையாட்டினார், இழுவையில் இதை அடிக்க ஆளில்லை, ஆனால் வளைவில் கொஞ்சம் ஆடும், டீசலும் குடிக்கும் என்றார், பாழாய்ப்போன நேர்மை. கொஞ்சமா? சற்று முன் ஓட்டிப் பார்த்தபோது திருப்பத்தில் படகு மாதிரி சாய்ந்து இவளைக் கதவோடு நசுக்கியது, இஞ்சின் சூடு கணுக்காலைப் பொசுக்கியது. "எனக்கு ஒண்ணும் ஆடினாப்பல தெரியலையே," என்றாள். பொய் இவ்வளவு வழவழப்பாக வருமா?

கூடவே வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற நாத்தனார் அதற்குள் பழைய வேனுக்குப் பக்கத்தில் போய்விட்டாள். கைப்பிடியைப் பற்றினாள், நல்ல காலைத் தூக்கி வைத்தாள், கம்பிக்கால் அந்தரத்தில் தொங்கியது, இவள் மிக அருகில்தான் நின்றாள், ஒரு கை கொடுத்தால் போதும், ஒரே ஒரு கை... இவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். கம்பி வாசல் விளிம்பில் உரசிச் சறுக்கியது, முழங்கால் தகரத்தில் மோதிய சத்தத்துக்கு வேலையாட்கள் எல்லோரும் திரும்பினார்கள், ஊன்றுகோல் உருண்டு போய் எங்கோ முட்டியது, அவள் கீழே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். "தூக்கி உக்கார வைக்கவாக்கா?" என்று கணவன் ஓடி வந்தான். "வேணாம்டா, எல்லாரும் பாக்கறாங்க. நீ இதையே எடு. தொழில்தான் முக்கியம், நான் எங்கயும் வரலேன்னா ஒண்ணும் குடி முழுகிடாது." அவள் முகத்தில் வேர்வை, கன்னத்தில் ஒரு கீற்று கருப்பு மசி. ஐயோ பாவம் என்று தோன்ற வேண்டுமே, தோன்றவில்லை, முன்சீட் மட்டும்தான் தெரிந்தது, அதில் தான் உட்கார்ந்திருப்பது, காற்றில் பறக்கும் தன் முடி...

கணவன் கையைப் பிசைந்தான், பிறகு ஏதோ பெரிய சிக்கலை அவிழ்த்தவன்போல் முகம் தெளிந்தான். "சரி, அப்ப ஒண்ணு பண்ணலாம். வெளியூர் போறப்ப நீ அக்காகூட இருந்துக்க, தனியா விட முடியாதில்ல? பிள்ளைங்களை நான் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடறேன்." சுலபமாக ஏறுகிற வண்டியை வேண்டாமென்றது யார், இவள்தானே? விற்கிறவர் சாவியை எடுத்து வர உள்ளே போய்விட்டார். "நமக்கென்ன, ரெண்டு பேரும் வீட்டுல ஜாலியா இருக்கலாம்," என்றாள் நாத்தனார், இவள் தோளைப் பற்றி எழுந்து நின்றபடி, என்ன பிடி அது, இரும்பு, தினமும் துணி எடுக்க மொட்டைமாடிப் படி முழுக்கக் கம்பியைப் பற்றி ஏறுகிற கை, உடம்பு மொத்தத்தையும் தூக்குகிற கை... பிறகு இந்த வாசலில் மட்டும் எப்படிச் சறுக்கியது?