சுத்து அதிகமான மோட்டார்

அந்தப் பட்டறையில் ஆளில்லா விமானம் செய்கிறவளுக்கு ஊசி என்று பெயர். பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் எழுதியிருந்தார்கள். அவள் வாயைக் கேட்டவர்கள் திருத்திக்கொண்டார்கள்.

ஆற்றுக்கு அக்கரையில் ஆஸ்பத்திரி. பாலம் விழுந்ததிலிருந்து ரத்தப் பைகள் படகில்தான் போயின. படகு போய்ச் சேர்வதற்குள் ரத்தம் சூடாகிவிடும், நோயாளி சில்லிட்டுவிடுவார். அந்தப் பைகளைத் தூக்கிப் போகத்தான் ஊசி நாலு விசிறி வைத்த விமானம் ஒன்றைச் செய்திருந்தாள். அன்று மதியம் ஆஸ்பத்திரி டாக்டரம்மா வந்து பார்ப்பதாக ஏற்பாடு. பறந்தால் எடுத்துக்கொள்வார்கள். பறக்காவிட்டால் விமானம் பரணுக்கு, ரத்தம் படகுக்கு.

காலையில் மோட்டார் பெட்டியைப் பிரித்தவள் பிரித்தபடியே நின்றாள்.

"அத்தான், என்ன இது?"

அத்தான், அக்காவின் புருஷன், பட்டறைக்குச் சொந்தக்காரர். சாமான் வாங்குவது அவர் பொறுப்பு. விமானம் என்றால் மேலே போகும் என்கிற அளவுக்கு அவருக்கு விஷயம் தெரியும்.

"நீ கேட்டதுதாம்மா. சுத்து அதிகமா வேணும்னு சொன்னியே! கடையில இருந்ததுலயே அதிகமா சுத்துறது இதுதான்."

"அய்யோ, நான் சொன்னது கம்பிச் சுத்து! மோட்டாருக்குள்ள செம்புக் கம்பி சுத்தியிருக்குல்ல, அந்தச் சுத்து. அது அதிகமானா மோட்டார் மெதுவா சுத்தும். மெதுவா சுத்தினாத்தான் பெரிய விசிறியைத் தள்ளும், பாரம் தூக்கும்."

"சுத்து அதிகமானா சுத்து குறையுமா? ஏம்மா, காலங்காத்தால என்னைச் சுத்தல்ல விடுறே?"

"மோட்டார் சுத்துற வேகம் வோல்ட்டுக்கு நானூறுன்னு எண்ணும் சொன்னேனே!"

"நானூறுன்னும் சொன்னே, சுத்து அதிகம்னும் சொன்னே. ரெண்டும் ஒத்துவரல. பக்கத்துலயே ரெண்டாயிரம் இருந்துச்சு. பெரியவனா ஒரு முடிவு எடுத்தேன்."

"ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே!"

"மச்சினிகிட்ட கேட்டுட்டுத்தான் மோட்டார் வாங்கணுமா நான்?"

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் சுத்துறதை நிறுத்துங்க. எனக்குத் தலை சுத்துது."

ஊசிக்குக் காது மடல் சிவந்தது. தப்பு வாங்கியதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். ராப்பகலாய்க் கணக்குப் போட்டு அவள் தேர்ந்தெடுத்த மோட்டாரை, கணக்கே போடாத ஒருவர் 'பெரியவனா' மாற்றினாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"இரு, ஓட்டிக் காட்டுறேன்" என்று அத்தான் ஒரு மோட்டாரை மேஜையில் திருகாணி போட்டு இறுக்கி, பெரிய விசிறியை மாட்டி, விசையைத் திருகினார்.

நடந்ததை நடந்தபடி சொல்வதென்றால், மேஜை முதலில் கதவுவரை நடந்து போனது. தெருநாய்கள் ஊரைக் காலி செய்தன. எதிர்ச் சலூனில் பாதி முகம் மழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் முழு முகமும் மழித்தவராய் எழுந்து போனார். மிச்சப் பாதிக்குக் கூலி யாருக்கு என்பதில் இன்னும் தகராறு தீரவில்லை. ஒரு மூச்சு நேரம்தான். பிறகு மோட்டார் புகைந்து, கருகி, நின்றது.

"வேகம் இருக்கு பாத்தியா?" என்றார் அத்தான், இருமிக்கொண்டே.

புகை அடங்குவதற்குள் டாக்டரம்மா வந்துவிட்டார். படகில் வந்ததில் புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. அத்தான் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"டிசைன்ல சின்னப் பிசகு, டாக்டர். அனுபவம் இல்லாத பொண்ணு, நாமதான் அனுசரிச்சுப் போகணும். உபரி மோட்டார் இருக்கு. சின்ன விசிறியா மாட்டி இப்பவே பறக்க விட்டுடலாம்."

டிசைனில் பிசகு! ஊசி கையிலிருந்த ஸ்பேனரை மெதுவாக மேஜையில் வைத்தாள். மெதுவாக வைக்காவிட்டால் வேறெங்காவது போயிருக்கும்.

"பறக்குமா?" என்று டாக்டரம்மா அவளைக் கேட்டார்.

அத்தான் கண்ணைக் காட்டினார். இன்றைக்கு ரத்தப் பை வைக்காத வெறும் பெட்டிதானே பறக்கப் போகிறது, ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்தது.

"வெறும் பெட்டியோட பறக்கும், டாக்டர். ரத்தப் பையை வச்சா நடு ஆத்துல விழும். அப்புறம் மீனுக்குத்தான் ரத்தம் ஏத்தணும்."

"ஏய்!" என்றார் அத்தான். "வீட்டு விஷயத்தை வெளியில சொல்லுவாங்களா?"

"இது வீட்டு விஷயமா?" டாக்டரம்மாவின் குரல் ஏறியது. "வார்டை விட்டுட்டு நனைஞ்சுக்கிட்டு வந்திருக்கேன். பறக்காத விமானத்தைப் பாக்கவா? இது பறக்கத் தகுதின்னு யாரு கையெழுத்துப் போடுறது?"

அத்தானின் விரல் யோசிக்காமல் ஊசியைக் காட்டியது.

"பாருங்க!" ஊசி வெடித்தாள். "வாங்கும்போது நீங்க பெரியவர், விழும்போது மட்டும் கையெழுத்து என்னோடதா? அப்ப மோட்டாரும் நான் சொல்றதுதான். இதை நான் பறக்க விடமாட்டேன். உங்க பட்டறைதான், வேணும்னா என்னை வெளிய அனுப்புங்க."

அத்தான் வாயைத் திறந்தார். உள்ளேயிருந்து அக்கா வாசலுக்கு வந்து நின்றாள். அத்தான் வாயை மூடிக்கொண்டார்.

டாக்டரம்மா புடவையைப் பிழிந்தார். "அடுத்த வாரம் வர்றேன். பெட்டி நிறையப் பை வச்சுத்தான் பாப்பேன். தூக்கலேன்னா அதோட சரி." படியிறங்கும்போது திரும்பினார். "மோட்டாரை இந்தப் பொண்ணே வாங்கட்டும்."

கடைக்குப் போய் மோட்டாரை மாற்ற ஊசி ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். முகம் இன்னும் தணியவில்லை.

"இவ்வளவு கோபத்தோட வண்டி ஓட்டாதேம்மா" என்றார் அத்தான்.

"கோபம் வண்டி மேல இல்ல, அத்தான்." மோட்டார் பெட்டியை அவர் கையில் திணித்தாள். "பின்னாடி உக்காருங்க."